மலிவான கைவேலை: யாருடைய சிக்கனம்?

"ஆயிரம் ரூபாயில் அழகான வரவேற்பறை", "கைவேலையில் கலக்குங்கள், காசை மிச்சம் பிடியுங்கள்"... பண்டிகைக் காலம் வந்தால் போதும், பத்திரிகையைப் பிரித்தாலும் யூடியூபைத் திறந்தாலும் இதே பாட்டுதான். தங்கமணி வேறு தினம் ஒன்றை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி வைக்கிறார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இனி முடியாது. பி.காம். படித்துவிட்டு, இருபது வருஷமாக வங்கியில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கணக்கு எதுவும் டேலி ஆகவில்லை சாமி.

முதலிலேயே ஒன்று. எனக்குச் சிக்கனத்தோடு சண்டை இல்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிற பிழைப்பு நம்முடையது. இப்போது இருப்பது கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பிவிடக்கூடிய தூரத்தில் ஒரு வாடகை வீடு. வீட்டுக்கார மேஷோமொஷாய் சாவியைக் கையில் கொடுக்கும்போதே போட்ட கண்டிஷன், "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது". அடித்தாலும் நிற்காது என்பது வேறு விஷயம். பழைய வீடு. மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரம் ஏறி, சுவர் உப்புப் பூத்து உதிரும். 'நோனா' என்பார்கள் இங்கே. ஆக, குறைந்த செலவில் வீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்வது எப்படி என்பது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. அன்றாடப் பிரச்சினை.

என் சண்டை, சிக்கனம் என்ற பெயரில் நம் தலையில் கட்டப்படுகிற மூன்று சமாச்சாரங்களோடு.

ஒன்று: மலிவு என்பதற்காக வாங்குவது

பிளாஸ்டிக் கொடி, சீரியல் லைட், சுவரில் ஒட்டுகிற மரமும் குருவியும், "ஹோம்" என்று எழுதிய பலகை. ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பதுதான். ஒட்டின குருவி, நோனா பிடித்த சுவரில் ஒரு ஆடி ஆவணி தாங்குமா? சுண்ணாம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு கீழே விழும். அப்புறம் மேஷோமொஷாய்க்குப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. தவணை 90 நாளைத் தாண்டியும் வரவில்லையா, அந்தக் கடன் வாராக்கடன். அதே விதியை வீட்டுக்கும் போடலாம். வாங்கி 90 நாளில் ஒருதரம்கூடப் பயன்படாத, ஒருதரம்கூட நின்று பார்க்கத் தோன்றாத பொருள் என்.பி.ஏ. அதை இன்னும் அழகு என்று ஐந்தொகையில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். தயவுசெய்து ரைட் ஆஃப் செய்துவிடுங்கள் :-)

இரண்டு: "வீணான பாட்டிலில் விதவிதமான அலங்காரம்"

பாட்டில் சும்மா கிடைத்தது, சரி. அதன்மேல் பூச அக்ரிலிக் கலர், இரண்டு சைஸ் பிரஷ், வார்னிஷ், சுற்றுவதற்குச் சணல் கயிறு, ஒட்டுவதற்கு குளூ கன், அதற்குக் குச்சி, மேலே தூவ ஜிகினா. எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல மண்ஜாடி வரும், அதில் வைக்க ஒரு வாரத்துக்கு ரஜனிகந்தாவும் வரும் (நம்ம சம்பங்கிதான்). மிச்சக் கலர் டப்பாவிலேயே காய்ந்து போகும்.

இந்தக் குறிப்புகள் எல்லாம் எப்படி ஆரம்பிக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? "இல்லத்தரசிகளே, உங்கள் ஓய்வு நேரத்தில்..." இந்த 'ஓய்வு நேரம்' என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

மூன்று: அடிமாட்டு விலைக்கு அடுத்தவர் கைவேலை

இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கொல்கத்தாவுக்கு வருமுன் பீர்பூம் மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். காந்தா தையல் வீட்டுக்கு வீடு நடக்கிற பகுதி. காந்தா என்றால் என்ன? கட்டிக் கட்டி நைந்துபோன புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையலால் சேர்த்துத் தைத்த போர்வை. துணியும் பழசு, நூலும் பழசு. இதைவிடச் சிக்கனம் உலகத்தில் உண்டா? ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்காளத்தின் பல மாவட்டங்களில் வேலை பார்த்த குருசதய் தத் (1882-1941), போன இடமெல்லாம் இப்படிப்பட்ட காந்தாக்களையும் பட ஓவியங்களையும் பொம்மைகளையும் தேடிச் சேர்த்தார். கொல்கத்தாவின் தெற்கு ஓரம் ஜோகாவில் அவர் பெயரில் அருங்காட்சியகமே வந்தது.

ஆனால் அந்தக் காலத்துக் காந்தா விற்பனைக்குத் தைத்தது இல்லை. பிறக்கப்போகிற பேரனுக்கு, கட்டிக்கொடுக்கிற மகளுக்கு. தைக்கிறவளும் அந்த வீடு, போர்த்திக்கொள்கிறவரும் அந்த வீடு. அங்கே கூலி என்ற பேச்சு எழவில்லை. இப்போது நடப்பது அப்படியா? துணி புதுசு, நூல் கடையில் வாங்கியது, தைக்கிறவள் நானூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில், போர்த்திக்கொள்கிறவர் பெங்களூரில். ஆனால் கூலிக் கணக்கில் மட்டும் பாட்டி காலத்துப் பாசத்தை எதிர்பார்க்கிறோம்!

சாந்திநிகேதன் பக்கம் சோனாஜூரி காட்டில் கூடுகிற சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? சிவப்பு மண்ணில் துணியை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். காரில் வந்து இறங்குகிறவர்கள், "ஐந்நூறா? முன்னூறுக்குக் கொடு, இரண்டாக எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். இதே ஆட்கள் மாலில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுகிறவர்கள்தான். பேரம் பேசும் திறமை எல்லாம் மண்ணில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும்தான் பொங்கும் போலிருக்கிறது.

ஒரு காஸ்ட் ஷீட் போடுவோமா? இது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைதான், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கைத்தையல் போட்ட குஷன் உறை ஒன்று கடையில் 250 ரூபாய். கடைக்கும் நடுவில் இருப்பவருக்கும் பாதி, 125. துணியும் உள்துணியும் 40, நூல் 10, ஜிப்பும் மெஷின் தையலும் 15. மிச்சம் 60. தினம் நாலு மணி நேரமாக மூன்று நாள் தைத்தால் 12 மணி நேரம். மணிக்கு 5 ரூபாய். எங்கள் ஆபீஸ் வாசலில் மண்குவளை டீகூட அந்த விலைக்குக் கிடையாது.

2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை வேறு கட்டணத்துக்குள் ஒளித்து வாடிக்கையாளர் தலையில்தான் கட்டுகிறீர்கள் என்று அதில் இருந்தது. அதே மாதிரிதான் இதுவும். மலிவான கைவேலை என்று ஒன்று கிடையாது. குறைந்த பணம் யாரோ ஒருத்தியின் கூலியிலிருந்து போயிருக்கிறது. பூஜ்ஜிய வட்டியிலாவது ஏமாறுவது நாம். இதில் ஏமாறுவது அவள்.

சுய உதவிக் குழுவிலிருந்து ஒரு பெண் கடனுக்கு வந்திருந்தார். விண்ணப்பத்தில் 'தினசரி வருமானம்' என்று ஒரு கட்டம். கேட்டேன். அவர் சிரித்தார். "நாள் கணக்கு ஏது ஸார்? துண்டுக் கணக்குதான். சமையல் முடிச்சு, மாட்டைக் கட்டி, பிள்ளை தூங்கினப்புறம் எடுப்பேன். வெளிச்சம் இருக்கிறவரைக்கும் தைப்பேன். அதை எத்தனை நாள்னு எழுதுவீங்க?" பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் சொன்னார்: "ஓய்வு நேரம்னு எழுதிக்குங்க ஸார்."

பார்த்தீர்களா, அதே வார்த்தை. ஓய்வு நேரத்தில் செய்கிறதுதானே, அதற்கு எதற்குக் கூலி என்று வாங்குகிறவரும் நினைக்கிறார், விற்கிறவரும் நினைக்கிறார். கடைசியில் தைக்கிறவரையும் நினைக்க வைத்துவிட்டோம். அங்கே அவளுடைய ஓய்வு நேரம். இங்கே, பாட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்கிற நம் வீட்டுப் பெண்ணின் ஓய்வு நேரம். இரண்டையும் பூஜ்ஜியம் என்று போட்டால்தான் அந்த ஆயிரம் ரூபாய் பட்ஜெட் ஆயிரத்துக்குள் நிற்கும்.

"அரசாங்கம்தான் கடன் கொடுக்கிறதே?" என்பீர்கள். கொடுக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் 18 கைத்தொழில்கள் இருக்கின்றன. முதல் தவணை ஒரு லட்சம், அடுத்து இரண்டு லட்சம், வட்டி 5 சதவீதம், ஈடு வேண்டாம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. அந்தப் பட்டியலில் பாய் முடைபவர் உண்டு, தையற்காரர் உண்டு. கையால் பூவேலை செய்கிற பெண் என்று தனியாக இல்லை. இருந்தாலும்தான் என்ன? விற்கிற விலையில் கூலியே இல்லையென்றால் 5 சதவீதத்தில் வாங்கின கடனுக்கும் எதிலிருந்து தவணை கட்டுவார்? கைவினைஞருக்கு வேண்டியது முதலில் விலை. கடன் அதற்கப்புறம். கடன் கொடுக்கிறவனே சொல்கிறேன், நம்புங்கள்.

இனி, வழக்கமாக வருகிற இரண்டு கேள்விகள்.

"நாம் வாங்காவிட்டால் அந்த 60 ரூபாயும் கிடைக்காதே?" வாங்க வேண்டாம் என்று யார் சொன்னது? குறைவாக வாங்குங்கள், சரியான விலைக்கு வாங்குங்கள் என்கிறேன். கையில் 750 ரூபாய் இருக்கிறதா? 250-க்கு மூன்று உறை வாங்கினால், மேலே போட்ட கணக்குப்படி 36 மணி நேரத்துக்கு 180 ரூபாய் அவளுக்கு. அதே வேலைக்கு 750 என்று ஒன்றே ஒன்று வாங்கினால், கடைக்காரர் பாதியை எடுத்துக்கொண்ட பிறகும் 12 மணி நேரத்துக்கு 310 ரூபாய். தைத்தவரே உட்கார்ந்திருக்கும் கடையில் வாங்கினால் அந்தப் பாதியும் அவருக்கு. குளிர்காலத்தில் நியூ டவுன் ஈக்கோ பார்க்கில் நடக்கும் ஹஸ்தசில்ப மேளாவில் அப்படி நேரடியாக வாங்கலாம். "யார் தைத்தது, எத்தனை நாள் ஆச்சு" என்று கேளுங்கள். பதில் வருகிற கடையில் வாங்குங்கள்.

"எங்களிடம் அவ்வளவு பணம் இல்லையே?" அப்படியானால் வாங்காதீர்கள்! சுவர் காலியாக இருந்துவிட்டுப் போகட்டும். காலிச் சுவரைப் பார்த்து எந்த விருந்தாளியும் எழுந்து போனதில்லை. கையால் செய்தது வேண்டும் என்றால் நம் கையால் செய்வோம், நம்மிடம் இருப்பதை வைத்துச் செய்வோம். அடுத்தவர் கையால் செய்தது வேண்டும் என்றால் அந்தக் கைக்குக் கூலி கொடுப்போம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றைத் தேடுவதுதான் இந்த 'பட்ஜெட் அலங்காரம்'.

எங்கள் வீட்டில் என்ன செய்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கமணியின் பழைய சுங்குடிப் புடவைகள்தான் திரை. ஐந்தரை மீட்டர் புடவையில், ஏழடி வாசலுக்கு மேல் கீழ் மடிப்போடு 2.3 மீட்டர் வீதம் இரண்டு திரை வந்துவிடும். மிச்சம் 90 சென்டிமீட்டரில் 16 அங்குலக் குஷனுக்கு இரண்டு உறை. மெஷின் தங்கமணியுடையது, ஓரம் மடித்துக் கையால் ஹெம்மிங் போட்டது அடியேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு போயிற்று. அதை ஓய்வு என்று நான் சொல்லமாட்டேன், முதுகு சொல்லவிடாது.

ஒவ்வொரு மாற்றலுக்கும் கூடவே வருகிற இரும்பு டிரங்குப் பெட்டி இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சோபா. அதன்மேல் ஒரு காந்தா. அது ஒன்றுதான் வீட்டிலேயே விலை கூடின துணி. பேரம் பேசாமல் வாங்கினது. தரையில் மேதினிபூர் பக்கத்துக் கோரைப்பாய், இங்கே 'மாதுர்' என்பார்கள். நம்ம பத்தமடைப் பாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணிபிளாண்ட், பெயிண்ட் அடிக்காமல், பாட்டிலாகவே. அவ்வளவுதான். வருகிறவர்கள் "பாஹ், கூப் ஷுந்தொர்" என்கிறார்கள். சொல்லாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை.

பி.கு. 1: காந்தா என்று சொல்லி மெஷின் தையலைத் தலையில் கட்டுவார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையல் இரண்டு பக்கமும் விட்டு விட்டு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சாதாரண மெஷின் தையல் இடைவெளி இல்லாமல் ஒரே கோடாக ஓடும்.

பி.கு. 2: கோரைப்பாய் போட்டிருக்கிறவர்கள் மழைக்காலத்தில் வெயில் தலைகாட்டுகிற அன்று மறக்காமல் காய வையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஒருத்தர் உட்கார்ந்து முடைந்தது, வீணாகக் கூடாது.