காதலைவிடக் கனமான நட்பு

மந்திரப் பள்ளி ஒன்றைக் களமாகக் கொண்ட நவோமி நோவிக்கின் 'ஸ்கோலமன்ஸ்' முத்தொகுதி 2022இல் 'தி கோல்டன் என்கிளேவ்ஸ்' நாவலோடு நிறைவடைந்தது. நாயகி கலாட்ரியலுக்கும் சக மாணவன் ஓரியனுக்கும் இடையிலான காதலைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். கதையைத் தாங்கி நிற்பதோ கலாட்ரியல், ஆத்யா, லியூ மூவரின் நட்பு.

பள்ளியே ஒதுக்கிவைத்த கலாட்ரியலிடம் நாணயமாகப் பண்டமாற்று செய்தவள் ஆத்யா. அவள் உருவாக்கும் 'லூட்' வாத்தியத்துக்கு லியூவின் கூந்தலே தந்தி. லியூ மீட்ட, கலாட்ரியல் பாடுகிறாள்.

மூன்றாம் பாகத்தில், மந்திரவாதிகள் பாதுகாப்பாக வாழும் பெய்ஜிங் குடியிருப்பின் அஸ்திவாரத்துக்கு அதே லியூவைப் பலியிடத் துணிகிறார்கள். கலாட்ரியல் தோழியை மீட்கிறாள். பலியே இல்லாத அஸ்திவாரத்தையும் போட்டுக் காட்டுகிறாள். சிலருடைய பாதுகாப்பு யாருடைய உயிரின்மேல் எழுந்தது என்ற கேள்விக்கு இங்கேதான் முகம் கிடைக்கிறது. முத்தொகுதியின் உண்மையான உச்சக்கட்டம் இதுவே. ஓரியனின் மீட்சி அதற்கு அடுத்ததுதான்.