விளையாட்டரங்கில் மது விற்பனை: அமெரிக்கக் கல்லூரிகளின் அனுபவம் கூறுவது என்ன?

தமிழ்நாட்டின் மதுபான உரிமம் மற்றும் அனுமதி விதிகளில் 2023ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட ஒரு திருத்தம், சிறப்பு உரிமத்தின் பேரில் விளையாட்டரங்குகளிலும் மது பரிமாற இடமளித்தது. திருமண மண்டபங்களைப் பற்றி எழுந்த எதிர்ப்பே அப்போது பெரிதும் பேசப்பட்டது. மண்டபங்களுக்கு அனுமதியில்லை என அரசு அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. விளையாட்டரங்குகள் பற்றிய மருத்துவக் கேள்வி மட்டும் போதிய கவனம் பெறவில்லை. அக்கேள்வியை நீண்ட காலமாக எதிர்கொண்டு வருபவை அமெரிக்கக் கல்லூரிகள்.

அங்கு கல்லூரிக் கால்பந்துப் போட்டி ஒன்றுக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம் பேர் திரள்வது வியப்புக்குரியதன்று. ஆயினும் பல கல்லூரி அரங்குகளின் பொது இருக்கைப் பகுதிகளில் நெடுங்காலம் மது விற்கப்படவில்லை. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தனது சாம்பியன் போட்டிகளில் விற்பனைக்கு விதித்திருந்த தடையை, 2016இல் தொடங்கிய சோதனை முயற்சிக்குப் பின், 2018இல் தளர்த்தியது. பெரும் கல்லூரிகளைக் கொண்ட சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்னும் கூட்டமைப்பு 2019இல் தனது தடையை நீக்கியது. அதற்கு முன்பும் அக்கூட்டமைப்பின் அரங்குகளில் தனி அறைகளிலும் உயர்கட்டண இருக்கைகளிலும் மது கிடைத்தது. தடை பொது இருக்கைகளுக்கு மட்டுமே இருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

விற்பனையை ஆதரிப்போரின் வாதம்

வருவாய் ஒரு காரணம் என்பதை எவரும் மறைப்பதில்லை. ஆனால் முன்வைக்கப்படும் வாதம் பாதுகாப்பைப் பற்றியது. ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே வாகன நிறுத்துமிடத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, உணவும் மதுவுமாகக் கூடிக் களிக்கும் வழக்கம் அங்கு உண்டு. உள்ளே மது கிடைக்காது என்பதால் வெளியிலேயே விரைந்தும் மிகுதியாகவும் குடித்துவிட்டு வருகின்றனர். உள்ளே கிடைத்தால் அவசரம் குறையும் என்பதே அவ்வாதம்.

இதற்குப் பெரிதும் சான்று காட்டப்படுவது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம். 2011இல் அதன் கால்பந்து அரங்கில் பீர் விற்பனை தொடங்கியது. போட்டி நாள்களில் மது சார்ந்த குற்ற நிகழ்வுகள் குறைந்ததாக வளாகக் காவல் துறை தெரிவித்தது. இக்குறைவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் இன்னொரு விதியும் மாறியது. அதுவரை பார்வையாளர்கள் இடைவேளையில் வெளியே சென்று, தம் வாகனத்தருகே குடித்துவிட்டு மீண்டும் உள்ளே வர முடிந்தது. அந்த மறுநுழைவு நிறுத்தப்பட்டது. இரண்டு மாற்றங்கள் ஒரே வேளையில் நிகழ்ந்த இடத்தில் நன்மை முழுவதையும் ஒன்றின் கணக்கில் எழுதுவது முறையன்று. இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துக் காய்ச்சல் தணிந்தால், எது தணித்தது என்று எந்த மருத்துவரும் உறுதியாகக் கூறமாட்டார்.

மாறாக, ஒரே மாற்றத்தை மையமாகக் கொண்டு ஆராயப்பட்ட இடமும் உண்டு. போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகம் 1996இல் தனது ஃபோல்சம் அரங்கில் பீர் விற்பனையைத் தடை செய்தது. பின்னர் வெளியான ஆய்வு, கைது, தாக்குதல், அரங்கிலிருந்து வெளியேற்றுதல் ஆகிய மூன்றும் பெரிதும் குறைந்ததைப் பதிவு செய்தது. மாணவர்களுக்குத் தடை பிடிக்கவில்லை. மற்றப் பார்வையாளர்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. ஓர் அரங்கின் முடிவை எல்லா அரங்குகளுக்கும் பொருத்த இயலாது. ஆயினும் விற்பனையை நிறுத்தினால் ஒழுங்கு கெடும் என்ற அச்சத்தை அது ஆதரிக்கவில்லை.

உடலின் கணக்கு

அமெரிக்காவில் 14 கிராம் தூய ஆல்கஹால் ஓர் அளவு எனப்படுகிறது. 355 மில்லிலிட்டர் சாதாரண பீரில் அவ்வளவு உள்ளது. கல்லீரல் இதனை அகற்ற ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். பலருக்கு அதனினும் கூடுதலாகும். குளிர்ந்த நீரில் குளிப்பதோ, காப்பி அருந்துவதோ, ஆட்டத்தின் ஆரவாரமோ இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தத்தில் ஆல்கஹால் விரைவில் உச்சத்தை எட்டும். உணவுடன் குடித்தால் சற்றுத் தாமதமாகும்.

சவுத் ஈஸ்டர்ன் கூட்டமைப்பின் விதிகளை இக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பீர், ஒயின் மட்டுமே விற்கலாம்; ஒரு முறை வாங்கும் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்க வேண்டும்; கால்பந்தில் மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் விற்பனை நிற்க வேண்டும். கவனமான விதிகளே. ஆனால் மூன்றாம் கால்பகுதியின் இறுதியில் இரண்டு குவளை வாங்கியவர், ஆட்டம் முடிந்து, வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாகனத்தை எடுத்தால் அவற்றில் பாதியையாவது உடலில் சுமந்துகொண்டுதான் செல்கிறார். வெளியில் முன்பே குடித்தது இதனுடன் சேரும். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் வாகனமோட்டிக்கான வரம்பு 100 மி.லி. இரத்தத்தில் 80 மி.கி. இந்தியாவில் அது 30 மி.கி. மட்டுமே. அங்கு வரம்புக்குள் இருப்பவர் இங்கு குற்றவாளியாவார்.

மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழில்முறைப் போட்டிகள் முடிந்து வெளிவந்த 362 பேரின் மூச்சைச் சோதித்தனர். 40 விழுக்காட்டினரிடம் ஆல்கஹால் இருந்தது. 8 விழுக்காட்டினர் 80 மி.கி. வரம்பைத் தாண்டியிருந்தனர். வாகன நிறுத்துமிடக் கொண்டாட்டத்தில் பங்கேற்றவர்கள் வரம்பைத் தாண்டும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் 14 மடங்கு. வெளிக்குடியே பெரும் சிக்கல் என்னும் ஆதரவாளர்களின் கூற்றை இது உறுதிசெய்கிறது. உள்ளே விற்பது அதற்குத் தீர்வு என்பதை உறுதிசெய்யவில்லை.

விற்பவர் மறுப்பாரா?

கட்டுப்பாடு முழுவதும் விற்பனையாளரின் கையில்தான் உள்ளது. அதே குழுவினரின் மற்றோர் ஆய்வில், போதையிலிருப்பவர் போல நடித்தவர்களுக்குத் தொழில்முறை அரங்குகளில் 74 விழுக்காடு முயற்சிகளில் மது விற்கப்பட்டது. வயது குறைந்தவர் போலத் தோன்றியவர்களுக்கு 18 விழுக்காடு. இருக்கைகளுக்கு நடுவே கூவி விற்பவர்களிடம் கடைகளைவிட எளிதாகக் கிடைத்தது. கூட்டமைப்பு கூவி விற்பதைத் தடை செய்திருப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

கல்லூரி அரங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. மது வாங்கும் வயது அங்கு 21. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோர் 18 முதல் 22 வயதினர். இருபத்தொன்றைக் கடந்த ஒருவர் இரண்டு குவளைகளை முறைப்படி வாங்கி, ஒன்றை அருகில் அமர்ந்துள்ள இளையவரிடம் நீட்டுவதை அடையாள அட்டைச் சோதனை தடுக்காது. ஒரு முறைக்கு ஒரு குவளை என்ற விதி ஓரளவு தடுக்கும்.

ஆகவே இச்சான்றுகளின் அடிப்படையில், பாதுகாப்பை முன்னிட்டு மது விற்கலாம் என்ற வாதத்தை ஏற்க இயலவில்லை. மறுநுழைவை நிறுத்துதல், போதையில் வருபவரை வாயிலிலேயே தடுத்தல், நிறுத்துமிடக் குடியை நேர அளவில் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றை ஒரு குவளைகூட விற்காமலேயே நடைமுறைப்படுத்தலாம். வருவாய்க்காக விற்பதாக ஒரு நிர்வாகம் வெளிப்படையாகக் கூறுமானால், அது வேறு விவாதம்; அப்போது மருத்துவ முகாம், காவல், இரவுப் பேருந்து ஆகியவற்றின் செலவையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

அரங்கில் ஒருவர் மயங்கினால்

எழுப்பியும் விழிக்காமை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, மூச்சுகளுக்கிடையே பத்து வினாடிக்கு மேல் இடைவெளி, வலிப்பு, குளிர்ந்து வெளிறிய அல்லது நீலம் பூத்த தோல் ஆகியவை மது நச்சின் அறிகுறிகள். எல்லா அறிகுறிகளும் தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்; தமிழ்நாட்டில் உடனே 108ஐ அழைக்கவும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனிருந்து மூச்சைக் கவனிக்கவும். வாந்தி எடுக்க வைக்கவோ, மோர், எலுமிச்சைச் சாறு போன்றவற்றைப் புகட்டவோ கூடாது. உறங்கினால் தெளிந்துவிடும் என்று தனியே விடுவதும் கூடாது. கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து இரத்தத்தில் கலந்துகொண்டேயிருக்கும்.