தோட்டம் கைமாறுமுன் பதிவு செய்யுங்கள்: ஜொகூர் தமிழர் மரபுக் கோரிக்கைச் சாசனம்

ஜொகூர் மாநில அரசுக்கும், ஊராட்சி மன்றங்களுக்கும், தோட்ட நிறுவனங்களுக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும், தமிழ்ப்பள்ளிகளுக்கும், நம் சொந்தக் குடும்பங்களுக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் என்றதும் இன்றைய இளையோருக்குக் கடைவீடுகளும் உணவகங்களும்தான் நினைவுக்கு வரும். அது ஒரு காலத்தில் பெரிய ரப்பர்த் தோட்டம். ஸ்கூடாய்ப் பக்கம் முத்தியாரா ரினி குடியிருப்பின் பெயரில் ரினி தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளியும் ‘லாடாங் ரினி’ என்ற பெயரை விடாமல் வைத்திருக்கிறது. இவையெல்லாம் பெயராவது தப்பிய தோட்டங்கள். குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் பெயர்கூடத் தப்பாத டிவிஷன்கள் எத்தனையோ. லயம், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, ஸ்டோர், கள்ளுக்கடை, மரத்தடிச் சாமி என மூன்று தலைமுறை புழங்கிய இடம் சில நாளில் தரைமட்டமாகிறது. புதிய வீடுகள் எழுவதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. எங்கள் பிள்ளைகளும் அவற்றில்தான் குடியிருக்கிறார்கள். ஒரு தோட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்காமல், ஒரு படம் எடுத்து வைக்காமல் அதை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை என்பதே எங்கள் நிலை.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை நிலச் சட்டத்தைச் சார்ந்தது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். அடுத்து, அங்கே வீடமைப்புத் திட்டம் வருமானால் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் மாநில அரசைக் கேட்கிறோம். இந்த இரண்டு வாசலிலும் ஒரே ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: கட்டடங்களின் அளவு வரைபடம், ஒளிப்படங்கள், கோயில், இடுகாடு, பள்ளி இருந்த இடங்கள், அங்கு வாழ்ந்தோரின் குரல் பதிவு ஆகியவை பொது ஆவணமாக ஒப்படைக்கப்பட்ட பிறகே இடிப்பு தொடங்க வேண்டும். செலவை மேம்பாட்டு நிறுவனம் ஏற்க வேண்டும். ஒரு வீடமைப்புத் திட்டத்தின் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

ஜொகூரின் 10 மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒன்று என எடுத்துக்கொண்டு கட்டடங்களையும் ஆவணங்களையும் பட்டியலிடலாம். ஜொகூர் பாருவும் கூலாயும் முதலில் வர வேண்டும். 2006இல் இஸ்கண்டார் திட்டம் தொடங்கியது முதல் அங்கேதான் நிலத்தின் முகம் வேகமாக மாறுகிறது. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் அந்த வேகத்தை இன்னும் கூட்டும்.

ஆனால் மனிதர்களை இப்படி வரிசையில் நிறுத்த முடியாது. 1960இல் 15 வயதில் பால் மரம் சீவத் தொடங்கியவருக்கு இன்று வயது எண்பதுக்கும் மேல். பெரட்டுக்கு மணி அடிக்கும் நேரம், காண்டா வாளி சுமந்த தோள், ஒட்டுப்பாலின் வாடை, கிராணியிடம் பேசிய விதம், தீமிதிக்கு எந்தெந்தத் தோட்டத்தார் வந்தார்கள் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பத்தாவது ஆண்டில் உங்கள் முறை வரும் என்று மெர்சிங்கிலோ தங்காக்கிலோ ஒரு பாட்டியைக் காக்க வைப்பது கொடுமை. எனவே வாய்மொழிப் பதிவு முதல் ஆண்டிலேயே எல்லா மாவட்டங்களிலும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டும். காஸ்வேக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் 1979லேயே வாய்மொழி வரலாற்று மையத்தைத் தொடங்கிவிட்டது. 2015இல் இந்திய மரபுடைமை நிலையத்தையும் திறந்தது. அத்தனை தூரம்கூடப் போக வேண்டாம். ஜொகூர் பாரு ஜாலான் இப்ராகிமில் சீன சமூகம் 2009இல் திறந்த மரபு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு சமூகம் தன் பழம்பொருளைத் தானே முறையாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அங்கே போய்ப் பாருங்கள்.

சயாம் மரண ரயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1942-43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு போனார்கள். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் போனார்கள், பலர் திரும்பவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு முறையான கல்லறை வரிசை உண்டு. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. எந்தத் தோட்டத்திலிருந்து யார் போனார், யார் வீடு திரும்பவில்லை என்ற பட்டியலை ஜொகூர் அளவிலாவது தொகுக்க வேண்டும். போனவர்களின் பிள்ளைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்தப் பணிக்கு மாநில அரசு தனி ஒதுக்கீடு தர வேண்டும் என்று உருக்கமாகக் கேட்கிறோம்.

தோட்ட நிறுவனங்களே, வருகையும் கூலியும் பதிந்த உங்கள் பழைய செக்ரோல் புத்தகங்களையும் தோட்ட வரைபடங்களையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் வேறெந்த ஏட்டிலும் இல்லாமல் போகலாம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானுக்கும் பழைய பேப்பர்க்காரருக்கும் விடாதீர்கள். கோயில் நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறோம்: 1911இல் எழுந்த ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் ஆலயம் முதல் தோட்டத்துச் சிறு கோயில் வரை, நன்கொடைப் புத்தகமும் திருவிழா நோட்டீஸும் கும்பாபிஷேகப் படங்களும் வரலாற்று ஆவணங்களே. திருப்பணியின்போது பழைய கல்வெட்டையும் பெயர்ப்பலகையையும் தூக்கி எறியாதீர்கள்.

1924 முதல் வந்த தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. வீட்டில் வெட்டி வைத்த தோட்டச் செய்திகள் இருந்தால் எங்களிடம் நகலெடுக்கக் கொடுங்கள்; மூலம் உங்களிடமே இருக்கட்டும். பழைய ஸ்டூடியோ படங்களின் பின்புறத்தில் பெயர்களை இன்றே எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள்.

மாநில மரபு அறக்கட்டளையான யயாசான் வாரிசான் ஜொகூரில் தமிழ் படிக்கத் தெரிந்த நிரந்தர அலுவலர் ஒருவர் வேண்டும். 1953 முதல் இயங்கும் மலேசிய வரலாற்றுச் சங்கத்தின் ஜொகூர் கிளை, தமிழ் ஆவணங்களுக்கென்று ஒரு குழு அமைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டப்படி ஓர் இடத்தைத் தேசிய மரபாக யாரும் முன்மொழியலாம். ஆண்டுக்கு ஓர் இடத்தை முன்மொழியும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

நினைவு வளைவும் சிலையும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒலிப்பதிவுக் கருவி, ஸ்கேனர், பயிற்சி பெற்ற இளைஞர்களுக்குப் பயணப்படி ஆகியவற்றைத் தாருங்கள். பதிவு செய்யும் ஒவ்வொருவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுவோம். பதிவின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குத் தருவோம். ஒன்றைத் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவில் ஒப்படைப்போம். ஆண்டுதோறும் வரவு செலவையும், செய்த வேலையையும், செய்யத் தவறிய வேலையையும் தமிழிலும் மலாயிலும் வெளியிடுவோம்.

மாநில அரசின் பதிலை எழுத்துமூலம் எதிர்பார்க்கிறோம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தனிக் கணக்கு வரி இடம்பெற வேண்டும். ஜொகூர் பாரு, கூலாய் மாவட்டங்களில் கைமாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கும் தோட்டங்களின் பட்டியலை அதற்கு முன்பே எங்களுக்குத் தர வேண்டும்.