பிரிட்டனி சாமியாரும் கொல்லிமலைப் பாட்டியும்

கொஞ்ச நாளா செல்டிக் கிறிஸ்தவம் பற்றி ஆளாளுக்கு உருகி உருகி எழுதுகிறார்கள். அயர்லாந்துத் துறவிகள், கடலோரப் பாறை, பனிமூட்டம், வானமும் பூமியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் 'மெல்லிய இடம்' அப்படின்னு. படிக்க நல்லாத்தான் இருக்கு. இதெல்லாம் எங்க ஊர்ப் பக்கமும் ஒரு காலத்தில் வந்துபோன கதை என்பதால் என் பங்குக்கு நாலு வார்த்தை. (கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.)

முதல்ல அந்தப் பனிமூட்டத்தைக் கலைச்சுடலாம். ஸ்கெல்லிக் மைக்கேல் என்று அட்லாண்டிக் கடலுக்குள் ஒரு பாறைத்தீவு. அறுநூறு படிக்கு மேல் ஏறினால், தேன்கூடு மாதிரி கல்லால் அடுக்கிய குடில்கள். அங்கே இருந்தவர்கள் இயற்கையை ரசிக்கப் போனவர்கள் இல்லை. ஊர், உறவு, சொந்த மொழி எல்லாத்தையும் கடவுளுக்காக விட்டு, திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போவதை ரத்தம் சிந்தாத உயிர்த்தியாகம்னு அவர்கள் நினைச்சாங்க. 563-ல் கொலும்பா ஐயோனா தீவுக்குப் போனதும் அந்த வழிதான். இப்போது விற்கப்படும் இதமான செல்டிக் ஆன்மிகத்தில் பாதி பின்னாளில் கட்டிய கற்பனை என்று இயன் பிராட்லி 1999-லேயே ஒரு புத்தகம் போட்டுவிட்டார். அவரும் முன்பு அதில் மயங்கியவர்தான் :-)

இனி நம்மூர். குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில், சச்சிதானந்த ஆசிரமம் இருக்கு. சாந்திவனம் என்றால் பலருக்கும் தெரியும். 1950-ல் ஆரம்பித்தவர்கள் இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள், ஜூல் மோன்ஷனேன், ஆன்ரி லெ சோ. இரண்டாமவர்தான் பின்னாளில் அபிஷிக்தானந்தர். 1910-ல் அவர் பிறந்த ஊர் பிரிட்டனியில் இருக்கும் சான் பிரியாக். பிரிட்டனி செல்டிக் பூமி. ஊர்ப்பெயரே, கடல் தாண்டி வந்து அங்கே தங்கியதாகச் சொல்லப்படும் பிரியாக் என்ற பழைய துறவியின் பெயர். இவர் 1929-ல் கெர்கோனான் மடத்தில் சேர்ந்தார், 1948-ல் கப்பலேறினார், 1949-ல் ரமணரைப் பார்த்தார், அருணாசலக் குகைகளில் மௌனமாய்க் கிடந்தார். 1973-ல் இந்தூரில் காலமாகும்வரை பிறந்த நாட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பழைய ஐரிஷ் துறவியின் அதே கணக்கு.

ஆனா எனக்கு ஒரு நெருடல். காவி, சந்தனம், ஆரத்தி, சமஸ்கிருத மந்திரம், உபநிஷதம். இந்தியாவின் ஆன்மா இதுதான் என்று அவர்களிடம் யார் சொன்னது? தலித் இறையியலாளர்கள் இதைப் பல வருஷமாகக் கேட்கிறார்கள். என் கேள்வியும் அதுதான், ஆனா மலைமேல் இருந்து கேட்கிறேன். ஆசிரமத்துக்கு வடக்கே கொல்லிமலை. அங்கே ஆலத்தூர் நாட்டில் என் பாட்டிக்கு உபநிஷதம் என்ற சொல்லே தெரியாது. கோயில்காட்டுக்குள் போனால் செருப்பைக் கழற்றுவார், ஒரு சுள்ளிகூட எடுக்க மாட்டார். புதுச் சாமை வந்தால் சாமிக்கு வைக்காமல் உலையேற்ற மாட்டார். வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொள்வார். அதை எந்தச் சாமியாரும் வந்து கேட்கவில்லை.

செல்டிக் மரபில் எனக்கு உண்மையிலேயே பிடிச்ச இடம் இங்கேதான் இருக்கு. அலெக்சாண்டர் கார்மைக்கேல்னு ஒரு கலால் அதிகாரி. ஆபீஸ் வேலையாக ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் சுற்றும்போது, விவசாயிகளும் மீனவர்களும் வீட்டுக்குள் சொல்லிவந்த கேலிக் மொழி ஜெபங்களைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். அடுப்பு மூட்ட ஒரு ஜெபம், மாடு கறக்க ஒன்று, இரவில் தணலை மூடிவைக்க ஒன்று. 1900-ல் 'கார்மினா கடேலிக்கா' என்று அச்சில் வந்தது. மனுஷன் கொஞ்சம் மெருகேற்றிவிட்டார் என்ற புகார் உண்டு. இருக்கட்டும், காது கொடுத்துக் கேட்டாரே! தியானம் என்பது குகையில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை, மடியைத் தொடும் விரலிலும் நடக்கும் என்று தெரிந்தது அதனால்தான்.

அப்ப கொல்லிமலைக்குக் கிறிஸ்தவமே வரலையா என்றால், வந்தது. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்று ஒரு பாப்டிஸ்ட் தம்பதி. வாழவந்தி நாட்டில் வீடு கட்டினார்கள், மருந்து கொடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள். நரம்புச்சிலந்தி போகணும்னா கிணற்றில் கால் படக்கூடாது, சுவர் கட்டுங்க என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் பேர்பெற்ற வேலூர் டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் இவர்களுக்குப் பிறந்த பிள்ளை. 1929-ல் மலேரியா ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது.

இவர்களும் பாட்டியின் முணுமுணுப்பைக் கேட்கவில்லை. பழைய சாமியை விட்டுவிட்டு வா என்பதுதான் இவர்கள் சொன்னது. அதில் எனக்கு உடன்பாடு கிடையாது. காவிரிக்கரைக்காரர்கள் எங்களைத் தாண்டி வேதத்துக்குப் போனார்கள், இவர்கள் எங்களைத் திருத்த வந்தார்கள்.

இருந்தாலும் எவலினை அவ்வளவு லேசில் ஒதுக்க முடியவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, எழுபதைத் தொடும் வயதில், தன் பொறுப்பில் மறுபடி மலையேறினார். மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகப் போனார். கொல்லிமலை போதாதென்று பக்கத்து மலைகளும். விழுந்து எலும்பை முறித்துக்கொண்டும் கீழே இறங்க மறுத்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974-ல், 95 வயதில் போய்ச் சேர்ந்தார், கணவர் பக்கத்திலேயே அடக்கம். தியானம், அத்வைதம் எல்லாம் அவரிடம் சொல்லியிருந்தால் பைபிளால் நம்மைத் தலையில் தட்டியிருப்பார். ஆனா ஸ்கெல்லிக் பாறையில் ஏறியவன் கேட்டிருந்தால், லெ சோவைவிட இந்தக் கிழவியைத்தான் தன் ஆள் என்று சொல்லியிருப்பான் என்பது என் கட்சி. அபிஷிக்தானந்தர் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு.

இதில் விட்டுப்போனது கார்மைக்கேல் செய்த வேலை. மலையில் இன்று மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு, கோயில்காட்டுக்காரர்களும் உண்டு. இரண்டு வீட்டுக் கிழவிகளும் விதைக்கும்போதும் அடுப்பு மூட்டும்போதும் சொல்வது என்ன, ஒன்றின் வாடை மற்றதில் இருக்கிறதா என்று யாராவது பதிந்துவைத்தார்களா? சாமை போட்ட காட்டில் இப்போது மரவள்ளி நிற்கிறது. சாமையோடு சேர்ந்த சொல்லும் போகும். அடுத்த தடவை எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருபவர்கள் ஆகாயகங்கையை மட்டும் படமெடுத்துக்கொண்டு ஓடாமல், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் அரைமணி உட்காருங்கள். செல்போனில் ஒலிப்பதிவு இருக்கு. கிழவி அனுமதித்தால் பதியுங்கள், அவர் சொன்ன வார்த்தையை மாத்தாமல் அப்படியே தட்டச்சிப் போடுங்கள். அடுத்த மாசம் ஊருக்குப் போகிறேன், நானும் ரெண்டு வீட்டில் கேட்கப்போகிறேன்.