கடலுக்கு வாடகை இல்லை

நெடுந்தொலைவு விமானப் பயணத்தின் முடிவில் கடலோர விடுதியொன்றில் ஓர் இரவு தங்கிச் செல்வது இனிய எண்ணமே. ஆயினும் அதற்குப் பணம் கொடுக்கும்போது எதனை வாங்குகிறோம் என்பதை நம்மில் பலர் கணக்கிடுவதில்லை. நாங்களும் கணக்கிடவில்லை.

சென்ற மே மாதம், சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில் சில காலம் இருந்துவிட்டுக் கணவன் மனைவி இருவரும் மும்பை வந்திறங்கினோம். மறுநாள் நாக்பூருக்குத் திரும்ப வேண்டும். வாழ்வில் ஒருமுறையேனும் மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி தங்கவேண்டும் என்ற ஆசையால், கடல் நோக்கிய அறையொன்றை முன்பதிவு செய்திருந்தோம். விடுதியை அடைந்தபோது காலை ஐந்து மணி. அறை கிடைப்பதோ பிற்பகல் இரண்டு மணிக்கு. உடனே வேண்டுமெனில் அரைநாள் வாடகை கூடுதலாகும் என்று வரவேற்பாளர் பணிவுடன் தெரிவித்தார். ஏற்கெனவே கொடுத்த தொகையை நினைத்து மறுத்துவிட்டோம். ஒன்பது மணி நேரம் வரவேற்பறை இருக்கையிலேயே கழிந்தது. ஒருவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மற்றவருக்கு, இரத்த அழுத்த மாத்திரையை எந்த ஊர் நேரப்படி உட்கொள்வது என்ற குழப்பம்.

கோடையில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்தங்கியது. மும்பையில் பிற்பகல் இரண்டு என்றால் அங்கே நள்ளிரவு ஒன்றரை. அறைக்குள் நுழைந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு உறங்கிப்போனோம். விழித்தபோது இரவு பதினொன்று. மரைன் டிரைவ் மேற்கு நோக்கியது. அங்கு காணவேண்டிய காட்சி கதிரவன் கடலில் மறைவதே. அதற்காகவே கூடுதல் வாடகை கொடுத்திருந்தோம். அந்த நேரத்தில் நாங்கள் இருளில் கிடந்தோம்.

விடுதியை மட்டும் குறை கூறுதல் முறையன்று. முந்தைய விருந்தினர் நண்பகலில் வெளியேறிய பின்னரே அறையைத் துப்புரவு செய்ய இயலும். பிழை எங்கள் நாட்கணக்கில் இருந்தது. 12ஆம் தேதி விடியற்காலையில் வந்து சேர்பவர் 11ஆம் தேதி இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்யவேண்டும். விடியற்காலையில்தான் வருவோம் என்பதை விடுதிக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். இல்லையேல், வராதவர் எனக் கருதி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

இரண்டு நாள் வாடகைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். கடல் நோக்கிய அறை 12,000 ரூபாய் எனக் கொள்வோம். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. ஆக 14,160 ரூபாய். அதே வட்டாரத்தில் கடலைக் காணாத அறை 7,000 ரூபாய் என்றால் வரி 5 விழுக்காடே. இரண்டு இரவுகளுக்கும் சேர்த்து 14,700 ரூபாய். வேறுபாடு 540 ரூபாய்தான். அந்தச் சிறு தொகை, களைத்த உடலுக்கு ஒன்பது மணி நேர ஓய்வை வாங்கித் தந்திருக்கும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. பல விடுதிகள் அறை வாடகைக்கு மேலாக ஒரு தொகையை முன்வைப்பாக அட்டையில் நிறுத்திவைக்கின்றன. கடன் அட்டையாயின் வரம்பு குறையும். பற்று அட்டையாயின் நம் கணக்கிலுள்ள பணமே சில நாட்கள் முடங்கும். எவ்வளவு, எப்போது விடுவிப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

விடுதிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முன்பதிவின்போது வரும் தேதியோடு வரும் நேரத்தையும் தவறாமல் கேளுங்கள். வந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் எனக் கணக்கிடும் விடுதிகளும் நம் நாட்டில் இருக்கின்றன. பன்னாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வந்திறங்கும் நகரில், அது சலுகையன்று, தேவை.

அன்றிரவு மீண்டும் உறக்கம் வரவில்லை. ஐந்து மணிக்குச் சாலையைக் கடந்து கடற்சுவரில் அமர்ந்தோம். நடைப்பயிற்சிக்கு வந்தோர், தேநீர் விற்போர், இரவுப்பணி முடித்தோர் எனப் பலரும் அதே சுவரில் இருந்தனர். நரிமன் முனையிலிருந்து சௌபாத்திவரை வளைந்து கிடந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, எங்கள் முதுகுப்புறத்தில் பொழுது விடிந்தது. வீங்கிய கால்கள் சற்றே இளகியிருந்தன. எங்களிடம் எவரும் கட்டணம் கேட்கவில்லை.

நெடும்பயணம் முடித்து வருவோர் விடுதியிடம் வாங்கவேண்டியது உறக்கத்தையே. கடல் சாலைக்கு அப்பால் எல்லோருக்கும் பொதுவாகக் காத்திருக்கிறது.