‘டு’ எங்கே, ‘ஃபார்’ எங்கே?

ஆங்கில வகுப்பில் தமிழ் வாயில் வந்தால் ஃபைன் போடும் பள்ளிகள் நம் தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் உண்டு. பெற்றோர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு நஷ்டம்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

‘ஸ்டேண்ட் அப் டு’ என்றால் ஒருவரை எதிர்த்து நிற்பது. ‘ஸ்டேண்ட் அப் ஃபார்’ என்றால் ஒருவருக்காக நிற்பது. கடைசிச் சின்னச் சொல் மாறினால் எதிரி நண்பனாகிவிடுவான். நோட்ஸில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் இரண்டும் குழம்பிவிடும்.

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது நிர்வாகத்துக்கு முன் ‘டு’ வரும், சங்கத்துக்கு முன் ‘ஃபார்’ வரும். மாற்றிப் போட்டால் தொழிலாளர்கள் சங்கத்தையே எதிர்த்ததாக ஆகிவிடும். நியாயம் யார் பக்கம் என்பது வேறு விவாதம். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதாவது பிள்ளைக்குப் புரிய வேண்டாமா?

தமிழில் சொன்னால் இது ஐந்து நிமிடப் பாடம். ‘அவருக்காகப் பேசினான்’, ‘அவரைப் பேசினான்’. வினை ஒன்றுதான். முதலாவது பரிந்து பேசியது, இரண்டாவது ஏசியது. உருபு மாறியதும் உறவே மாறிவிட்டது. ‘கு’ உருபுக்குப் பகையும் பொருள், நட்பும் பொருள் என்று நன்னூல் என்றோ சொல்லிவிட்டது. பாம்புக்குப் பகை கீரி. கபிலருக்கு நண்பன் பாரி. ‘விட்டுக்கொடு’ என்றால் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று நம் பிள்ளைக்கு யார் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்?

‘தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராது’ என்பார்கள். தமிழில் புரிந்துகொண்ட பிறகு ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுதட்டுமே, யார் வேண்டாம் என்றது?

ஒரகடத்துக்கு வேலைக்குப் போகும் ஐடிஐ பையன் கையெழுத்துப் போடும் தாள் ஆங்கிலத்தில் இருந்தால்? அதில் அட்வான்ஸை சம்பளத்தில் ‘செட் ஆஃப் அகெய்ன்ஸ்ட்’ செய்வோம் என்று இருந்தால்? ‘செட் ஆஃப்’ என்றால் புறப்படுவது என்று மட்டும் உருப்போட்டவனுக்கு, சம்பளத்தில் கழித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது எப்படித் தெரியும்? மதிப்பெண் போனால் போகட்டும், இது சோற்றுப் பிரச்சினை.

பெற்றோர்களே, இன்று இரவு அந்தப் பட்டியலில் இருந்து நாலு சொல்லை எடுத்து, அர்த்தத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை விழித்தால், ஃபைன் போட்ட பள்ளியிடம் போய்க் காரணம் கேளுங்கள்.