ஸ்ட்ராபெரிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார்?

ஸ்ட்ராபெரிக்குப் புதுச்சேரி வெயிலும் உப்புக்காற்றும் ஒத்து வராது. ‘ஃப்ரேஸ்’ என்ற சொல்லைப் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்துப் படித்தவன் நான். பழத்தைச் செடியில் பார்த்தது பணி ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்குப் போனபோதுதான். ஆனாலும் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. நம்மில் எத்தனையோ பேருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே நாலு முழம் மண் கிடைத்துவிட்டால் முதலில் வைப்பது ஃப்ரேஸ். அடுத்த கேள்வி, “இதோடு வேறு என்ன நடலாம்?”

துணைப்பயிர் நமக்குப் புதிய சங்கதி அல்ல. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிற்பது கொடி பற்றி ஏறவும் நிழலுக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும். இப்போது கைபேசியில் வருகிற பட்டியல்களோ ‘நல்ல தோழன், கெட்ட தோழன்’ என்று இரண்டு பத்தி போட்டுக் காரணத்தை விட்டுவிடுகின்றன. காரணம் எழுதாத குறிப்பில் கையெழுத்துப் போடாமலே அரசாங்கத்தில் காலம் தள்ளியவன் நான். பக்கத்துச் செடி என்ன கொடுக்கும் என்று கேட்பதற்கு முன்னால் அது என்ன நோயைக் கொண்டுவரும், எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்று கேட்க வேண்டும். இதுதான் என் கட்சி.

நோயை முதலில் பார்ப்போம். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய் இவற்றைத் தாக்கும் வெர்ட்டிசிலியம் என்ற பூஞ்சணம் ஸ்ட்ராபெரியையும் தாக்கும். வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். வெளிப்பக்கத்து இலைகள் வாடிக் காயும், நடுக்குருத்து மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். இந்தப் பூஞ்சணம் மண்ணில் பல வருஷம் தங்கக்கூடியது.

என் மகளுக்கு இருப்பது நகராட்சி வாடகைக்குக் கொடுத்த சின்னத் தோட்டம். வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்து கிடைத்தது. மாப்பிள்ளைக்குத் தக்காளி வேண்டும், பேத்திக்கு ஃப்ரேஸ் வேண்டும். இரண்டையும் ஒரே பாத்தியில் வைப்பதாக ஏற்பாடு. “மாப்பிள்ளை, தக்காளியைப் பெரிய தொட்டியில் புது மண் போட்டு வையுங்கள். தக்காளி இருந்த மண்ணில் ஃப்ரேஸ் வேண்டாம்” என்றேன். “பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லையே மாமா” என்றார். பட்டியல் தப்பினால் அடுத்த பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். மண் கெட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு மண் எங்கே இருக்கிறது? புதினாவுக்கும் இதே கதிதான். அதற்கும் இந்த நோய் வரும், போதாததற்கு மண்ணுக்கடியில் ஓடி முழுப் பாத்தியையும் பிடித்துக்கொள்ளும். அதுவும் தொட்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது பங்கு. ஸ்ட்ராபெரியின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது, ஒரு சாண் ஆழம் கூட இருக்காது. அகல இலையும் பெரிய பசியும் உள்ள முட்டைக்கோசை அதன் அருகில் வைத்தால் சாப்பாடும் போகும், வெளிச்சமும் போகும். பூண்டின் இலை ஒல்லி, நிழல் விழாது, ஓரமாக நின்றுகொள்ளும். அதன் வாசம் பூச்சியை விரட்டும் என்று அங்கே சொல்வார்கள். அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். இடைஞ்சல் செய்யாத அண்டை வீட்டுக்காரர் என்பதே அதற்குப் போதுமான தகுதி. சீக்கிரம் அறுத்துவிடும் லெட்டூஸ் கீரையும் அப்படித்தான்.

கொடுப்பதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். ஸ்ட்ராபெரியின் மேலே ஒட்டியிருக்கும் விதை ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர வேண்டும். சேராத இடத்தில் சதை வளராமல் பழம் கோணலாகிவிடும். ஆகவே தேனீயை அழைக்கிற செடிதான் உண்மையில் ஏதாவது கொடுக்கிற செடி. பிரெஞ்சில் பூராஷ் என்று ஒன்று, நீல நட்சத்திரம் போலப் பூக்கும். முழங்கால் உயரத்துக்கு மேல் வளரும், ஆகையால் பாத்தியின் வடக்கு ஓரத்தில் வைக்க வேண்டும். அங்கே வெயில் தெற்கிலிருந்து வருவதால் நிழல் வெளியே விழும். துலுக்கச் சாமந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழுவை அது குறைக்கும் என்பது உண்மை. ஆனால் முந்தின பருவத்தில் பாத்தி முழுக்க நெருக்கமாக வளர்த்தால்தான் பலன். ஓரத்தில் இரண்டு செடி வைத்தால் கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

இதற்கெல்லாம் மேலான ஒரு துணை இந்தச் செடியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1714-இல் ஃப்ரெசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் சிலியிலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெரிச் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். பிழைத்தவை ஐந்து. செழிப்பாக வளர்ந்தன, பழம் மட்டும் இல்லை. எல்லாம் பெண் செடிகள். பிறகு பிரெத்தாஞ் பகுதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்த வேறு ஸ்ட்ராபெரி இனத்தைப் பக்கத்தில் நட்டார்கள், காய்த்தது. இருபது வயது கூட நிரம்பாத துய்ஷேன் என்பவர் 1766-இல் வெளியிட்ட நூலில் இந்த ஆண் பெண் விஷயத்தை விளக்கினார். இன்று உலகம் சாப்பிடும் ஸ்ட்ராபெரி அந்த இரண்டு இனமும் கலந்து பிறந்ததுதான். அன்று தேவைப்பட்ட துணை பூண்டும் அல்ல, பூராஷும் அல்ல. அந்தச் செடியிடம் இல்லாதது எதுவோ அதை வைத்திருந்த இன்னொரு ஸ்ட்ராபெரி.

உங்கள் பிள்ளைகளும் இப்படிக் கேட்டால் செடிப் பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். “போன வருஷம் அந்த மண்ணில் என்ன இருந்தது?” என்று திருப்பிக் கேளுங்கள். தக்காளி என்று பதில் வந்தால், ஃப்ரேஸுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.